சுழியம் காத்தவர்

1994 ஜூலை 17. கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில், ரோஸ் பௌல் மைதானத்தில், நண்பகல் வெயிலில் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் தொடங்கியது. நமக்கு அப்போது 18ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒரு மணி. வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, தொலைக்காட்சியின் ஒலியைக் காதுக்கு எட்டும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பிரேசிலும் இத்தாலியும் ஆடின. தொண்ணூறு நிமிடம் ஆகியும் கோல் விழவில்லை. கூடுதலாகக் கொடுத்த முப்பது நிமிடத்திலும் விழவில்லை. மூன்றரை மணி வாக்கில் பெனால்டிக்குப் போனார்கள்.

கடைசியாக அடிக்க வந்தவர் இத்தாலியின் ஃபார்வர்டு ரோபர்ட்டோ பாஜியோ. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. கோப்பை பிரேசிலுக்குப் போனது. இடுப்பில் கை வைத்து, தலை கவிழ்ந்து, அப்படியே நின்றார். கால்பந்து பார்க்காதவர்கள்கூட அந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள்.

அந்தக் காலத்து ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். அன்றைக்கு முதல் பெனால்டியை அடித்தது யார்? அதுவும் பாஜியோவின் பந்தைப் போலவே கம்பத்துக்கு மேலேதான் போனது. பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு. அடித்தவர் ஃபிராங்கோ பரேசி. இத்தாலி அணியின் கேப்டன். தடுப்பாட்டத்தின் நடுவில் ஆடியவர்.

தடுப்பாட்டக்காரரின் சாதனையை யாரும் கவனிப்பதில்லை என்பது எல்லோரும் சொல்வதுதான். எனக்கு உறுத்துவது அதைவிடச் சற்றுக் கூடுதலானது. அவருடைய தவறைக்கூட நாம் அவர் பெயரில் எழுதி வைக்கவில்லை. அதையும் கோல் போடுகிறவரின் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

*

தடுப்பாட்டத்தைப் பற்றி எழுதுவது கடினம். கோலை விவரிக்கலாம். பந்து எங்கிருந்து வந்தது, யார் தொட்டார், எந்த மூலையில் போய் விழுந்தது என்று சொல்லலாம். விழாத கோலை எப்படி விவரிப்பது? ஒரு ஃபார்வர்டு ஓடத் தொடங்குகிறார். அவருக்குப் பந்து வரவேண்டிய பாதையில் ஒருவர் இரண்டடி நகர்ந்து நிற்கிறார். பந்தை வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் தள்ளிவிடுகிறார். அவ்வளவுதான் நடந்தது. ஆட்டக் குறிப்பில் இதற்கு இடம் இல்லை. தொலைக்காட்சியிலும் இல்லை, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னால் போய்விட்டது. அந்த இரண்டடி நகராமல் இருந்திருந்தால் ஒரு கோல் விழுந்திருக்கலாம் என்பது நகர்ந்தவருக்கும், ஓடிய ஃபார்வர்டுக்கும், கோலிக்கும் மட்டும் தெரியும்.

மழைக்காலத்தில் இரவெல்லாம் ஏரிக்கரையைச் சுற்றி வந்து, கசிவு தெரிகிற இடத்தில் மண்ணை அணைத்துவிட்டுப் போகிறவரைப் போன்ற வேலை இது. கரை உடைந்த ஆண்டு ஊருக்கு நினைவிருக்கும். உடையாத ஆண்டுகளை யார் எண்ணினார்கள்?

பரேசி இந்த வேலையை எப்படிச் செய்தார் என்பதை அருகில் போய்ப் பார்க்கவேண்டும். உயரம் 176 சென்டிமீட்டர். தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு இது குறைவான உயரம். மிலான் நகரத்து வட்டார மொழியில் அவருக்குப் ‘பிஷினின்’ என்று பட்டப்பெயர். பொடியன் என்று பொருள். உயரமான ஃபார்வர்டோடு தலைக்குத் தலை முட்டி ஜெயிக்கிற உடம்பு அவருக்கு இல்லை. ஆகவே பந்து வருவதற்கு முன்பே அது வருகிற இடத்தில் இருக்கப் பழகினார். எதிராளி தலையை நிமிர்த்திப் பார்க்கும் நொடியிலேயே பாஸ் எங்கே போகும் என்று கணித்து முன்னால் பாய்வார். பந்தைப் பிடுங்கிய பிறகு மேலே தூக்கி அடித்துவிட்டு மூச்சு வாங்குகிற வழக்கமும் இல்லை. தலையை நிமிர்த்தி, பந்தைத் தானே உருட்டிக்கொண்டு நடுக்களம் வரை போவார். தடுப்பதும் தாக்குதலைத் தொடங்குவதும் அவர் காலில் ஒரே அசைவாக இருந்தன.

அவருடைய இன்னோர் அடையாளம், உயர்த்திய கை. ஆஃப்சைடு விதியை ஆயுதமாகப் பயன்படுத்துவதென்றால் நான்கு பேக்குகளும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையாக முன்னேறவேண்டும். பந்து எதிராளியின் காலை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு கணம் முன்பு அடியெடுத்து வைத்தால் ஃபார்வர்டு அவர்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வார். ஒரு கணம் தாமதித்தால் அதே ஃபார்வர்டு கோலியைத் தனியாகச் சந்திப்பார். நால்வரில் ஒருவர் பின்தங்கினாலும் மொத்த வரிசையும் வீண். அந்தக் கணத்தைத் தீர்மானிப்பவர் பரேசி. அவர் நகர்ந்தால் மற்ற மூவரும் நகர்வார்கள், கூடவே அவருடைய கை மேலே போகும். 1990இல் விதி மாறியது. ஃபார்வர்டு கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நின்றால் அது ஆஃப்சைடு ஆகாது என்று ஆனது. வரிசைக்குக் கிடைத்த சலுகை ஒரு உடம்பளவு குறைந்தது. பரேசியின் வரிசை அதற்கும் ஈடுகொடுத்தது.

*

அவர் 1960 மே 8 அன்று, வட இத்தாலியில் பிரெஷியா அருகே திராவல்யாத்தோ என்ற சிற்றூரில் பிறந்தார். பதின்வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அண்ணன் ஜூசெப்பேயை மிலான் நகரத்தின் இன்டர் அணி சேர்த்துக்கொண்டது. தம்பியைப் பார்த்துவிட்டு, உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பியது. அதே நகரத்தின் இன்னோர் அணியான ஏ.சி. மிலான் அவரை எடுத்துக்கொண்டது. பிறகு பல ஆண்டுகள், அண்ணன் நீலம் கறுப்புச் சட்டையிலும் தம்பி சிவப்பு கறுப்புச் சட்டையிலும் ஒரே மைதானத்தில் எதிரெதிராக நின்றது இத்தாலியக் கால்பந்தின் கதைகளில் ஒன்று.

1978 ஏப்ரல் 23, வெரோனா அணிக்கு எதிராக முதல் ஆட்டம். வயது பதினேழு. அடுத்த பருவத்திலேயே மிலான் தன் பத்தாவது இத்தாலியப் பட்டத்தை வென்றது. பத்துப் பட்டம் வென்ற அணி சட்டையில் ஒரு நட்சத்திரம் குத்திக்கொள்ளலாம். பதினெட்டு வயதில் அந்த நட்சத்திரம் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமானது. 1980இல், ஆட்டங்களை முன்கூட்டியே பேசி முடித்துப் பந்தயம் கட்டிய பெரிய ஊழல் இத்தாலியில் வெளிவந்தது. மிலானின் தலைவரும் சில ஆட்டக்காரர்களும் தண்டிக்கப்பட்டார்கள். அணி முதல் பிரிவான சீரி ஆவிலிருந்து இரண்டாம் பிரிவான சீரி பிக்குத் தள்ளப்பட்டது. பரேசிக்கு அந்தக் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லை. அவர் அணியோடு கீழே போனார். ஓர் ஆண்டில் மேலே வந்தார்கள். மேலே வந்த அடுத்த பருவத்தில் ரத்தத்தில் தொற்று வந்து பரேசி சில மாதங்கள் படுத்துவிட்டார். 1982இல் அணி மறுபடியும் கீழே இறங்கியது. இந்த முறை ஊழலால் அல்ல, ஆடிய லட்சணத்தால்.

அதே 1982 கோடையில் இத்தாலி ஸ்பெயினில் உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியில் பரேசியின் பெயரும் இருந்தது. ஆனால் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கடைசிக் காவலர் இடத்தில் கயெத்தானோ ஷிரேயா இருந்தார். அந்த இடத்தை அவரைவிட அழகாக ஆடியவர் அன்றைக்கு யாரும் இல்லை. ஆக, உலகக் கோப்பை வென்ற அணியின் உறுப்பினர், இருபத்திரண்டு வயது, நாட்டின் மிகச் சிறந்த இளம் தடுப்பாட்டக்காரர். அவரை எடுத்துக்கொள்ள எந்தப் பெரிய அணியும் தயங்கியிருக்காது. அவர் இரண்டாம் பிரிவுக்கே திரும்பினார். மிலான் அவரைக் கேப்டன் ஆக்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் அந்தக் கைப்பட்டை அவரிடமே இருந்தது.

விசுவாசம் என்று இதற்குப் பெயர் சூட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது போதவில்லை. இடத்தை விட்டு நகராமல் நிற்பது என்பது தடுப்பாட்டத்தில் முதலில் சொல்லித்தரப்படும் பாடம். எதிராளி போக்குக் காட்டுவார். தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காலை மறுபக்கம் இழுப்பார். அந்த ஆசை காட்டலுக்கு மயங்கிக் கால் நீட்டியவர் விழுந்தார். காத்திருந்தவர் நின்றார். பரேசி தன் வாழ்க்கை முழுவதையும் அப்படித்தான் நடத்தினார் என்று எனக்குத் தோன்றுகிறது. மைதானத்தில் கற்றதை மைதானத்துக்கு வெளியேயும் கடைப்பிடித்தவர்கள் மிகச் சிலரே.

*

1987இல் அரிகோ சாக்கி மிலானின் பயிற்சியாளராக வந்தார். தொழில்முறையில் ஒரு நாளும் ஆடியிராதவர், செருப்பு விற்பனை செய்தவர். அவர் கொண்டுவந்த முறை இத்தாலிக்குப் புதிது. அதுவரை இத்தாலியத் தடுப்பாட்டம் என்றால் ஆளுக்கு ஆள். உனக்கு இந்த ஃபார்வர்டு, அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போ. எல்லோருக்கும் பின்னால் ஒரு கடைசிக் காவலர். சாக்கி ஆளைக் காக்கச் சொல்லவில்லை, இடத்தைக் காக்கச் சொன்னார். கடைசி பேக்குக்கும் முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் இடையில் இருபத்தைந்து மீட்டர் தூரத்துக்குமேல் இருக்கக்கூடாது என்றார். பதினொருவரும் ஒரே போர்வைக்குள் நிற்பதுபோல நிற்கவேண்டும்.

பயிற்சியில் பந்தே இல்லாமல் ஆடச் சொல்வார். பந்து இப்போது இங்கே இருக்கிறது என்று அவர் சொல்ல, பதினொருவரும் அதற்கேற்ப நகர்வார்கள். வெறும் மைதானத்தில், இல்லாத பந்துக்காக வளர்ந்த மனிதர்கள் வரிசை மாறி நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். தடுப்பாட்டத்தின் சாரம் அதில் இருக்கிறது. பந்து இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். வரப்போகும் இடத்தைக் காப்பதுதான் வேலை.

சாக்கி பின்னாளில் பலமுறை சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒழுங்கான ஐந்து பேரை ஒழுங்கற்ற பத்துப் பேரால் வெல்லமுடியாது என்று அணியின் ஃபார்வர்டுகளான குல்லித்துக்கும் வான் பாஸ்டனுக்கும் நிரூபித்துக்காட்ட விரும்பினார். ஒரு பக்கம் கோலி ஜியோவன்னி கல்லி, அவருக்கு முன்னால் தசோத்தி, மால்தீனி, கொஸ்தாகுர்த்தா, பரேசி. மறுபக்கம் குல்லித், வான் பாஸ்டன், ரைக்கார்ட், அன்சலோத்தி, தொனதோனி உட்படப் பத்துப் பேர். பதினைந்து நிமிட அவகாசம். ஒரே நிபந்தனை, பந்தை இழந்தால் பத்துப் பேரும் தங்கள் எல்லைக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்கவேண்டும். ஒரு தடவைகூட அவர்களால் கோல் போட முடியவில்லை.

அந்த நால்வர் வரிசையோடு மிலான் 1989இல் பார்சிலோனாவில் ஸ்தெயூவா அணியை 4-0 என்றும், 1990இல் வியன்னாவில் பென்ஃபிகாவை 1-0 என்றும் வென்று ஐரோப்பியக் கோப்பையை இரண்டு ஆண்டு தொடர்ந்து எடுத்தது. பிறகு ஃபாபியோ கபெல்லோ பயிற்சியாளராக வந்தார். 1991 மே முதல் 1993 மார்ச் வரை தொடர்ந்து 58 லீக் ஆட்டங்களில் மிலான் தோற்கவில்லை. 1993-94 பருவத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. 34 ஆட்டங்களில் அவர்கள் போட்டது 36 கோல் மட்டுமே, வாங்கியது வெறும் 15. பட்டம் அவர்களுக்கு. அந்த ஆண்டு மிலானை வெற்றி பெறச் செய்தது போட்ட கோல்கள் அல்ல.

இவ்வளவுக்கும் நடுவில் உலகம் பரேசிக்கு என்ன கொடுத்தது என்று பார்க்கலாம். 1989இல் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து விருதில் அவருக்கு இரண்டாம் இடம். முதல் இடம் அவர் அணியின் ஃபார்வர்டு வான் பாஸ்டனுக்கு. 1956இல் தொடங்கிய அந்த விருதைத் தடுப்பாட்டக்காரர்கள் என்று சொல்லத்தக்கவர்களில் வாங்கியவர்கள் மூன்றே பேர். பெக்கன்பாவர் இருமுறை, மத்தியாஸ் சாமர் 1996இல், ஃபாபியோ கன்னவாரோ 2006இல். இந்த மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு, மைதானத்தில் சரிபாதிப் பேர் செய்யும் வேலையை நாம் எப்படி மதிக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

*

ஒரு கணக்கை மட்டும் உலகம் தவறாமல் வைத்திருக்கிறது. சேம்சைடு கோல்.

சீரி ஆ ஆட்டங்களில் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தை அனுப்பியவர்களின் பட்டியலில் நெடுங்காலம் உச்சியில் இருந்த பெயர்கள் இரண்டு. இருவரும் எட்டு முறை. ஒருவர் இன்டர் அணியின் ரிக்கார்தோ ஃபெர்ரி. மற்றவர் பரேசி. முதலில் இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. யோசித்துப் பார்த்தபோது இதில் ஒரு நியாயம் இருப்பது புரிந்தது. இருபது ஆண்டுகள், ஒவ்வொரு ஆட்டத்திலும், கோலுக்கு முன்னால் வரும் ஒவ்வொரு ஆபத்தான பந்துக்கும் காலை நீட்டியவருக்குத்தான் எட்டு முறை பந்து தப்பான பக்கம் பட்டுப்போகும். கால் நீட்டாமல் ஒதுங்கி நின்றவருக்கு அந்த ஆபத்து இல்லை. அந்த எட்டுக்கு அடியில், அவர் காலில் பட்டு வெளியே போன நூற்றுக்கணக்கான பந்துகள் எண்ணப்படாமல் கிடக்கின்றன.

இதைப் பற்றி எழுதும்போது கொலம்பியாவின் தடுப்பாட்டக்காரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை நினைக்காமல் கடந்து போக என்னால் முடியாது. அதே 1994 உலகக் கோப்பை. அதே ரோஸ் பௌல் மைதானம். ஜூன் 22, கொலம்பியாவும் அமெரிக்காவும் ஆடின. இடப்பக்கத்திலிருந்து ஒரு கிராஸ் வந்தது. பின்னால் எதிராளி ஒருவர் ஓடி வருவது தெரியும். சறுக்கிக்கொண்டு போய்க் காலை நீட்டினார் எஸ்கோபார். பந்து அவர் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. அவர் அந்த நேரத்தில் செய்யவேண்டியதைத்தான் செய்தார். விட்டிருந்தால் பின்னால் வந்தவருக்குப் போயிருக்கும். கொலம்பியா 2-1 என்று தோற்று, முதல் சுற்றோடு வெளியேறியது. பத்து நாள் கழித்து, ஜூலை 2 அன்று, மெதயீன் நகரில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். வயது இருபத்தேழு. கண்ணியமான ஆட்டத்துக்குப் பெயர் வாங்கியவர். அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு நகரமே திரண்டது.

ஃபார்வர்டு பத்து வாய்ப்பைத் தவறவிட்டுப் பதினோராவதில் கோல் போட்டால் நாயகன். தடுப்பாட்டக்காரர் பத்தைத் தடுத்துப் பதினோராவதில் தவறினால் குற்றவாளி. எஸ்கோபாரின் சாவுக்குக் காரணம் கொலையாளிகளும் அவர்கள் வளர்ந்த வன்முறையும்தான். ஆனால் குற்றவாளி என்ற அந்தச் சொல்லை, துப்பாக்கி இல்லாத நாமும் வாரம்தோறும் எவ்வளவு எளிதாக ஒரு பேக்கின் மேல் எறிகிறோம்.

*

எஸ்கோபாரின் ஆட்டத்துக்கு மறுநாள், ஜூன் 23. நாட்டின் மறுகரையில், நியூ ஜெர்சியில் இத்தாலி நார்வேயோடு ஆடியது. கோலி பல்யூக்காவைத் தொடக்கத்திலேயே வெளியேற்றிவிட்டதால் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடத்தில் பரேசி முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு கிழிந்திருந்தது. உடனே அறுவை சிகிச்சை. அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. இனி இந்த உலகக் கோப்பை அவருக்கு இல்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் இன்னொரு இழப்பு. மே 18 அன்று ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மிலான் பார்சிலோனாவை 4-0 என்று வென்றது. அந்த அணியின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆட்டம் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. தடை காரணமாகப் பரேசியும் கொஸ்தாகுர்த்தாவும் அதில் ஆடவில்லை. தான் இல்லாமலே தன் வரிசை உடையாமல் நின்றதை வெளியிலிருந்து பார்த்தார். ஒரு தடுப்பாட்டத் தலைவருக்கு அதைவிடப் பெரிய வேதனையும் பெருமையும் சேர்ந்து வந்திருக்க முடியாது.

காலில் அடிபட்ட நாளிலிருந்து இருபத்து நான்காம் நாள் இறுதி ஆட்டம். இப்போது இத்தாலியின் பயிற்சியாளரும் சாக்கிதான். கொஸ்தாகுர்த்தாவுக்கு இந்த ஆட்டத்திலும் தடை. பரேசி களத்துக்குள் வந்தார்.

எதிரில் நின்ற பிரேசிலைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தத் தொடரில் இறுதிக்கு முன் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் அவர்கள் கோல் போட்டிருந்தார்கள். மொத்தம் பதினொன்று. அதில் ஐந்து ரொமாரியோவுடையவை, மூன்று பெபெத்தோவுடையவை. ரொமாரியோ குள்ளமானவர். பெனால்டி எல்லைக்குள் நின்றுகொண்டிருப்பவர்போலவே இருப்பார், அடுத்த நொடி பந்தோடு கோலியின் முன்னால் இருப்பார். அவரைக் காவல் காப்பதற்கு வேகத்தைவிட முன்னறிவு வேண்டும்.

பின்னாளில் அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தபோது, பந்தை விட்டுவிட்டு, சட்டையில் 6ஆம் எண் போட்டிருந்தவரை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்துகொண்டு மறுபடி பார்த்தேன். அன்றிரவு சலிப்பாகத் தெரிந்த ஆட்டம் அப்போது வேறொன்றாக மாறியது. ரொமாரியோவின் காலுக்குப் போகவிருந்த பந்துகளை இடைமறித்தபடி இருந்தார். மூன்று வாரத்துக்கு முன் அறுத்த முழங்காலோடு சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்தார், எழுந்தார், அதே பந்தை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பக்கத்தில் நின்ற மால்தீனிக்கு அவ்வப்போது கையால் இடம் காட்டினார். முதல் பாதியிலேயே வலப்பக்க பேக் மூஸ்ஸி காயம்பட்டு வெளியேற, வரிசையில் இன்னொருவர் புதிதாக வந்து சேர்ந்தார். அவரையும் சேர்த்து நிறுத்திக்கொண்டார்.

அதிர்ஷ்டமும் உதவியது. மௌரோ சில்வா தூரத்திலிருந்து அடித்த பந்து பல்யூக்காவின் கையிலிருந்து நழுவிக் கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. பல்யூக்கா கம்பத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தார். கூடுதல் நேரத்தில் ரொமாரியோ மிக அருகிலிருந்து ஒரு வாய்ப்பைத் தவறவிட்டார். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி நிற்க முடியாது. கடைசி நிமிடங்களில் பரேசியின் கால்தசை இழுத்துக்கொண்டது. புல்லில் விழுந்து கிடந்தார். எழுந்து ஆடினார்.

பிறகு பெனால்டி. முதல் ஆளாக அவரே வந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1990 அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நேப்பிள்ஸில் இத்தாலியின் முதல் பெனால்டியை அடித்து உள்ளே போட்டவர் அவர்தான். இப்போது கேப்டன் என்ற முறையிலும் பொறுப்பை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஓடி வந்து அடித்தார். பந்து மேலே போனது. முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தபின் அவர் குழந்தையைப் போல அழுததும், சாக்கி அவரை அணைத்துக்கொண்டதும் படத்தில் இருக்கின்றன. பாஜியோவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை யாரும் மாட்டுவதில்லை.

*

அவர் 1997 வரை ஆடினார். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து மிலானுக்காக 719 ஆட்டங்கள். ஆறு இத்தாலியப் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், ஒரே அணி. அவர் விலகியதும் மிலான் தன் 6ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்தது. அந்த அணி அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் செய்திராத மரியாதை அது. கோல் மழை பொழிந்த எத்தனையோ பேர் அணிந்த சட்டைகள் கைமாறிக்கொண்டிருக்க, ஒரு தடுப்பாட்டக்காரரின் எண்ணை மட்டும் எடுத்து வைத்தார்கள். 1999இல் மிலான் ரசிகர்கள் நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான். வாரம்தோறும் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேமரா காட்டாததை அவர்கள் கண் பார்த்திருக்கிறது.

அடுத்த முறை கால்பந்து பார்க்கும்போது பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் இருந்து பாருங்கள். யாராவது ஒரு பேக்கைத் தேர்ந்தெடுத்து அவரை மட்டும் பாருங்கள். அவர் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார், எத்தனை முறை ஓரடி முன்னால் வருகிறார், தேவைப்படாத எத்தனை ஓட்டங்களை ஓடி முடிக்கிறார் என்று பாருங்கள். அவை ஏன் தேவைப்படவில்லை என்பது சற்று நேரத்தில் புரியும்.

1994 ஜூலை 17 அன்று ரோஸ் பௌல் மைதானத்தின் பலகையில், நூற்றிருபது நிமிடம் முடிந்தபோது இருந்த கணக்கு 0-0. உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஒன்று கோலே இல்லாமல் முடிந்தது அதுதான் முதல் முறை. சலிப்பான இறுதி ஆட்டம் என்று மறுநாள் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அந்தத் தொடரில் பிரேசில் கோல் போடாத ஆட்டம் அது ஒன்றுதான். பிரேசிலின் பெயருக்கு எதிரே இருந்த அந்தச் சுழியம், முப்பத்து நான்கு வயதில் அறுத்துத் தைத்த முழங்காலோடு ஒரு மனிதர் எழுதியது.